ஆடியவர்களே முதலில் வந்தார்கள்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்பது நம் பக்கத்துப் பழைய சொல். தோண்டிப் பார்த்தால் கிடைப்பது பெருமை தருவதாக இருக்காது என்ற எச்சரிக்கை அதற்குள் இருக்கிறது. ஹிப்ஹாப்புக்கு நடந்தது நேர்மாறு. அதன் மூலத்தைத் தேடிப் போகாதவர் இல்லை. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்து ஒரே இடத்தைக் காட்டுகிறார்கள். நியூயார்க் நகரம், மேற்கு பிராங்க்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ. நாள்: 1973 ஆகஸ்ட் 11. ஆள்: ஜமைக்காவிலிருந்து வந்த கிளைவ் கேம்பல், அதாவது டிஜே கூல் ஹெர்க். 2007-ல் நியூயார்க் மாநில அரசே அந்தக் கட்டடத்தை ஹிப்ஹாப்பின் பிறப்பிடமாக ஏற்றது. 2021-ல் அமெரிக்க செனட் ஆகஸ்ட் 11-ஐக் கொண்டாட்ட நாளாக அறிவித்துத் தீர்மானம் போட்டது. 2023-ல் உலகமே ‘ஹிப்ஹாப்புக்கு ஐம்பது வயது’ என்று விழா எடுத்தது. ஒரு கலைக்கு ஓர் ஊர், ஒரு வீடு, ஓர் இரவு, ஒரு தந்தை என்று இவ்வளவு துல்லியமாக ஜாதகம் கணிக்கப்பட்டது வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை. அந்த ஜாதகம் தவறு என்பதே என் வாதம். ‘ஹெர்க் இல்லை, இன்னொருவர்’ என்று பெயரை மட்டும் மாற்றிப் போடும் எதிர்க்கட்சியுடனும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு தரப்பும் இசைத்தட்டு சுழலும் மேசையையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஹிப்ஹாப் உருவானது அந்த மேசைக்கு எதிரே இருந்த தரையில். அதை உருவாக்கியவர்கள் அங்கே ஆடிய பிள்ளைகள்.

அன்றிரவு என்ன நடந்தது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. ஹெர்க்கின் தங்கை சிண்டி கேம்பல் பள்ளி திறக்கும் முன் புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும் என்று ஒரு விருந்து நடத்தினார். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொழுதுபோக்கு அறையை வாடகைக்கு எடுத்தவர் அவர். சின்ன அட்டைகளில் கையால் எழுதி அழைப்பு விநியோகித்தவரும் அவர். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இரவு 9 மணி முதல் அதிகாலை 4 மணி வரை. சிறப்பு விருந்தினர் என்ற தலைப்பில் நாலைந்து நண்பர்களின் பெயர்களும் அட்டையில் இருந்தன. அப்பாவிடமிருந்த பெரிய ஒலிபெருக்கிகளை இறக்கி வைத்து, 18 வயது அண்ணன் தட்டுப் போட்டான். பக்கத்தில் அவனுடைய நண்பர் கோக் லா ராக் ஒலிவாங்கியைப் பிடித்து நண்பர்களின் பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்தினார். கூட்டம் வந்தது, கலைந்தது, சிண்டிக்குத் துணி வாங்கப் பணம் கிடைத்தது. இத்தனையும் உண்மை. ஆனால் இதில் எது ‘பிறந்தது’ என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு டர்ன்டேபிள் வைத்துப் பாட்டு அறாமல் ஓட்டுவது நியூயார்க் கிளப்புகளில் அதற்குள் பழகிப்போயிருந்தது. பிரான்சிஸ் கிராசோ மன்ஹாட்டனில் தாளம் பொருத்தி ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வித்தையைக் காட்டிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒலிவாங்கியில் எதுகை போட்டுப் பேசுவது வானொலி அறிவிப்பாளர் ஜாக்கோ ஹெண்டர்சன் 1950-களிலேயே செய்தது. சுவரில் பெயர் எழுதும் கிராஃபிட்டி பிலடெல்ஃபியாவில் 1960-களிலேயே தொடங்கிவிட்டது; நியூயார்க்கின் டாக்கி 183 பற்றி 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் செய்தியே போட்டிருந்தது.

ஹெர்க்கின் தரப்பில் நிற்பவர்களுக்கு உடனே ஒரு பதில் உண்டு: மற்றதெல்லாம் இருக்கட்டும், பிரேக்கை நீட்டியது அவர்தானே? பிரேக் என்பது ஒரு பாட்டில் குரலும் மற்றக் கருவிகளும் ஒதுங்கி, டிரம்ஸ் மட்டும், சில சமயம் அதோடு பாஸ் அல்லது பாங்கோவும் தனித்து ஒலிக்கும் சில விநாடிகள். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் அதன் தொடக்கத்தில் ஊசியை வைத்து, பத்து விநாடியைச் சில நிமிடங்களாக ஹெர்க் இழுத்தார். அதற்கு மெர்ரி-கோ-ரவுண்ட் என்று பெயரும் வைத்தார். ஹிப்ஹாப் இசையின் முதுகெலும்பு அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது அந்த ஆகஸ்ட் இரவில் முழு உருவத்தில் வந்து இறங்கியதல்ல. அடுத்தடுத்த விருந்துகளில் கூட்டத்தைக் கவனித்துக் கவனித்து அவர் அமைத்துக்கொண்டது. எதைக் கவனித்தார் என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. தட்டு ஓடி முடியும்வரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆடுபவர்கள் பாட்டு முழுவதற்கும் ஆடாமல் ஒரு குறிப்பிட்ட பகுதிக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதாவது பிரேக் முக்கியம் என்று முடிவு செய்தவர்கள் ஆடியவர்கள். அந்த முடிவைப் படித்து அதற்கு ஏற்பாடு செய்தவர் ஹெர்க். செட்ஜ்விக் விருந்தைப் பற்றிய வரலாறுகளிலேயே இன்னொரு தகவலும் இருக்கிறது. முதலில் அவர் தன் ஊர்ப் பாணியில் ஜமைக்கப் பாட்டுகளைப் போட்டார், கூட்டம் அசையவில்லை. சோல், ஃபங்க் தட்டுகளுக்கு மாறிய பிறகே தரை நிறைந்தது. பிறந்தநாள் என்று கொண்டாடப்படும் இரவிலேயே எது ஓட வேண்டும் என்று தீர்மானித்தது தரைதான்.

அந்தத் தரை ஹெர்க்குக்கு முன்பே இருந்தது. பிராங்க்ஸின் கிராண்ட் கான்கோர்ஸும் 161-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் கான்கோர்ஸ் பிளாசா என்ற பெரிய ஹோட்டல். அதன் அடித்தளத்தில் பிளாசா டனல் என்றொரு கிளப். அங்கே ஜான் பிரவுன் என்ற டிஜே ஜேம்ஸ் பிரவுனின் தட்டுகளையும் ரேர் எர்த் குழுவின் நீண்ட தட்டையும் போட, கறுப்பினப் பதின்வயதினர் வெறியோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஆடப் போனவர்களில் கிளைவ் கேம்பலும் ஒருவர். அப்போது அவர் டிஜே இல்லை. சுவரில் பெயர் எழுதும், தரையில் ஆடும் ஒரு பையன். பின்னாளில் ஹெர்க்கின் தனி முத்திரையாகச் சொல்லப்பட்ட பல தட்டுகள் அவர் ஆட்டக்காரராக வியர்த்து நின்று கேட்டவை. ஜேம்ஸ் பிரவுன் மேடையில் காட்டிய கால்வேலையைப் பையன்கள் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். 1972-ல் அவர் ‘கெட் ஆன் தி குட் ஃபுட்’ என்று ஒரு பாட்டே வெளியிட்டபோது அந்த ஆட்டத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. கும்பல்கள் எதிராளியை மிரட்ட ஆடிய ஆட்டமும் இதில் கலந்தது. 1971 டிசம்பர் 8-ல் கெட்டோ பிரதர்ஸ் என்ற கும்பல் முன்னின்று ஹோ அவென்யூ சிறுவர் மன்றத்தில் கும்பல்களைக் கூட்டிச் சமாதானம் பேசிய பிறகு, ஒரு தெருப் பையன் இன்னொரு தெரு விருந்துக்குப் போய் ஆடுவது மெல்லச் சாத்தியமாயிற்று. அடிதடியால் கிளப்புகள் மூடப்பட, ஆட இடம் தேடி அலைந்த பிள்ளைகள் வீட்டு விருந்துகளை நிறைத்தார்கள். சிண்டியின் விருந்து நிரம்பியதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆட்டம் இருந்தது, ஆட்டக்காரர் இருந்தார், அவருக்குப் பிடித்த தட்டு இருந்தது. அறைதான் இல்லாமல் இருந்தது.

இதற்கு ஒரு பரிசோதனையே நடந்திருக்கிறது, அதுவும் கண்முன்னே. பார்படோஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்த ஜோசப் சாட்லர், நாம் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்று அறிந்தவர், ஹெர்க்கின் கைவேலையைப் பார்த்து ஒரு குறை கண்டார். ஹெர்க் ஊசியைக் குத்துமதிப்பாக வைத்தார். பிரேக்குக்கும் பிரேக்குக்கும் இடையில் தாளம் தடுக்கி விழுந்தது. ஃப்ளாஷ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டார். பிரேக் எங்கே தொடங்குகிறது என்பது கடிகார முள்போலக் கண்ணுக்குத் தெரிந்தது. தட்டை விரலால் பின்னோக்கித் திருப்பி அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்தால், அடுத்த அடி அட்சரம் பிசகாமல் விழுந்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் ஹெர்க்கைத் தாண்டிய தாவல். அதை முதன்முதலில் கூட்டத்துக்கு முன் செய்துகாட்டியபோது யாரும் ஆடவில்லை. வாயடைத்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுக்குப் போய் அழுததாக ஃப்ளாஷ் சொல்லியிருக்கிறார். அப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம். ஒலிவாங்கியை முன்னால் வைத்து, கூட்டத்தை அசைக்க ஆள் தேடினார். கவ்பாய் என்று அழைக்கப்பட்ட கீத் விக்கின்ஸ் முதலில் வந்தார். பிறகு மெலி மெல், கிட் கிரியோல். ராப் பாடகர் என்று இன்று உலகம் கொண்டாடும் அந்த ஆள், மேசைக்கு முன்னால் நகர மறுத்து நின்ற கால்களை நகர்த்த வந்து சேர்ந்தவர். ஹிப்ஹாப்பின் இரண்டு பெரிய திருப்பங்கள், பிரேக்கை நீட்டியதும் எம்சி, அதாவது ஒலிவாங்கி பிடித்தவர், முன்னுக்கு வந்ததும், இரண்டுமே தரை சொன்னதற்கு மேசை கொடுத்த பதில்கள்.

‘எல்லாம் வாய்மொழிதானே, நாற்பது ஐம்பது வருஷம் கழித்துச் சொல்லும் நினைவை எப்படி நம்புவது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, நானும் கேட்பேன். இந்த வரலாற்றில் ஆளாளுக்குத் தன்னை முதலில் வைத்துக்கொள்ளும் பேட்டிகள் ஏராளம். ஆனால் சாட்சியம் என்பதில் ஒரு தராதரம் உண்டு. தனக்கு ஆதாயம் தரும்படி ஒருவர் சொல்வது வேறு, தன் பெருமையைக் குறைக்கும்படி அவரே சொல்வது வேறு. ஆட்டக்காரர்களைப் பார்த்துத்தான் பிரேக்கைக் கண்டுகொண்டேன் என்பது ஹெர்க்கின் வாக்குமூலம். கூட்டம் உறைந்து நின்றதால்தான் எம்சிக்களைக் கூப்பிட்டேன் என்பது ஃப்ளாஷின் வாக்குமூலம். தந்தைப் பட்டம் யாருக்குப் போகிறதோ அவர்களே தங்களுக்கு முன்னால் இன்னொருவர் இருந்தார் என்கிறார்கள். இதோடு ஆளெடுப்பையும் பாருங்கள். பின்னால் கோல்ட் கிரஷ் பிரதர்ஸ் குழுவின் நாயகனான கிராண்ட்மாஸ்டர் கேஸ், பெரிய நிறுவனம் ஒப்பந்தம் செய்த முதல் ராப் பாடகரான கர்ட்டிஸ் ப்ளோ, இருவரும் ஆட்டக்காரர்களாக நுழைந்தவர்கள். எழுத்துச் சான்று கேட்டால் அதுவும் இருக்கிறது. 1978 ஜூலை 1 தேதியிட்ட பில்போர்டு இதழில் ராபர்ட் ஃபோர்டு பிராங்க்ஸ் பற்றி எழுதிய சிறு குறிப்பு, ராப் இசைத்தட்டு என்று ஒன்று கடைக்கு வருவதற்கு ஓராண்டு முந்தையது. அதில் வரும் செய்தி, பழைய, புழக்கத்திலில்லாத தட்டுகளை அவற்றின் பிரேக்குக்காகப் பிள்ளைகள் தேடி வாங்குகிறார்கள் என்பதுதான். மொழியும் சாட்சி சொல்கிறது. பிரேக்குக்கு ஆடுபவன் என்ற பொருளில் பி-பாய் என்ற சொல் ஹெர்க்கின் விருந்துகளிலேயே புழங்கியது. இந்த இசைக்கு ஹிப்ஹாப் என்ற பெயர் எழுபதுகளின் பிற்பகுதியில்தான் வாயில் ஏறியது. கலைக்குப் பெயர் வைக்கும் முன்பே ஆட்டக்காரனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

கடினமான எதிர்வாதம் ஒன்று மிச்சமிருக்கிறது. பத்து விநாடிக்காகக் காத்திருப்பது ஓர் ஆசை மட்டுமே. அதைக் கலையாக்கியது கருவியில் கைவைத்தவரின் கண்டுபிடிப்பு. ஆசைப்பட்டவருக்கும் செய்தவருக்கும் ஒரே இலையில் பரிமாறலாமா? இதற்கு என் பதில் மன்ஹாட்டனில் இருக்கிறது. எழுபதுகளின் நடுவில் கேலக்ஸி 21 என்ற டிஸ்கோ கிளப்பில் வால்டர் கிப்பன்ஸ் என்ற வெள்ளைக்கார இளைஞர் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து டிரம்ஸ் பகுதியை வெட்டி வெட்டி நீட்டிக்கொண்டிருந்தார். கை சுத்தத்தில் அவர் ஹெர்க்கைவிட மேல் என்று சொல்பவர்கள் உண்டு. 1976-ல் கடைக்கு வந்த முதல் 12 அங்குல வணிகத் தட்டு, டபுள் எக்ஸ்போஷரின் ‘டென் பர்சென்ட்’, அவர் கைவண்ணத்தில் வந்ததுதான். கருவி அதே, வித்தை அதே, ஏறத்தாழ காலமும் அதே. அங்கே பிறந்தது டிஸ்கோ ரீமிக்ஸ். ஹிப்ஹாப் பிறக்கவில்லை. வித்தைதான் விதை என்றால் இரண்டு நிலத்திலும் ஒரே செடி முளைத்திருக்க வேண்டும். அந்தக் கிளப்பில் ஆடியவர்களுக்கு டிரம்ஸ் என்பது நீண்ட இரவின் ஓர் ஏற்றம். ஒருவரோடொருவர் கலந்து கரைந்துபோவதற்கான வழி. பிராங்க்ஸில் அது வட்டம் கூடி, ஒருவன் நடுவில் இறங்கி, எதிராளியைத் தலைகுனிய வைக்கும் தருணம். பால் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான், உறை வேறு. போட்டி, வட்டம், பெயர் நிலைநாட்டல், எதிராளிக்குப் பதில் என ஹிப்ஹாப்பின் குணம் என்று நாம் இன்று சொல்லும் அனைத்தும் அந்த வட்டத்தில் முதலில் இருந்தது. டிஜேக்களின் போட்டியும் எம்சிக்களின் சொற்போரும் அதையே வேறு கருவியில் செய்தவை.

இப்போது மாற்று வேட்பாளர்களுக்கு வருவோம். ஹார்லெம்காரர்கள் டிஜே ஹாலிவுட்டைச் சொல்கிறார்கள். புரூக்ளின்காரர்கள் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளவர்ஸைச் சொல்கிறார்கள். ஹாலிவுட்டின் வழக்கு பலமானது, அதை மேம்போக்காகத் தள்ளிவிடுவது அநியாயம். தாளத்தோடு ஒட்டி, நீளமாக, எதுகை குலையாமல் பாடிப் பேசுவதில் அவர் கோக் லா ராக்கைவிடத் தெளிவான முன்னோடி. கோக் லா ராக் செய்தது பெரும்பாலும் பெயர் கூவி உற்சாகப்படுத்தல். ஹாலிவுட் செய்தது நிகழ்ச்சி. அவரை டிஸ்கோக்காரர் என்று ஒதுக்கி வைத்தது பிராங்க்ஸ் தரப்பு வரலாற்றின் குறை. ஆனால் அவரது கிளப்புகளுக்கு வந்தவர்கள் உடுத்திக்கொண்டு வந்த பெரியவர்கள். கேன்வாஸ் காலணி போட்ட பதினைந்து வயதுப் பையனுக்கு அங்கே இடமில்லை. ஆகவே அவருடைய எதுகை வாசல் தாண்டித் தெருவுக்கு வந்து, அந்தப் பையனின் வட்டத்தோடு சேர்ந்த பிறகே நாம் அறியும் வடிவம் கிடைத்தது. ராப்பின் தந்தை ஹாலிவுட் என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ராப்பும் ஹிப்ஹாப்பும் ஒன்று என்று சேர்த்துச் சொன்னால் போவேன்.

ஜமைக்காவின் உரிமைக் கோரிக்கை இன்னும் பிரபலம். ஹெர்க் கிங்ஸ்டனில் பிறந்தவர். அங்கே தெருவில் ஒலிபெருக்கி மலைகளை அடுக்கி நடத்தும் சவுண்ட் சிஸ்டம் விருந்துகள் உண்டு. தட்டின் மேல் பேசும் யூ-ராய் போன்றவர்கள் உண்டு. ஆக, கப்பலேறி வந்தது இந்தக் கலை என்பது வாதம். ஒலியின் கனம், பாஸின் உறுமல், சொந்தக் கருவியோடு திறந்தவெளியில் களமிறங்கும் தைரியம் ஆகியவற்றில் கிங்ஸ்டனின் வாசனை இருக்கிறது. அதற்குமேல் போக முடியாது. ஹெர்க் 1967-ல் பன்னிரண்டு வயதில் வந்துவிட்டார். பிராங்க்ஸில் ரெகே எடுபடாது என்றும், ராப்புக்கு உந்துதல் ஜேம்ஸ் பிரவுனும் 1973-ல் வந்த ‘ஹஸ்லர்ஸ் கன்வென்ஷன்’ என்ற அமெரிக்கத் தட்டும்தான் என்றும் ஒரு காலத்தில் அவரே அழுத்திச் சொன்னார். பிற்காலப் பேட்டிகளில் ஜமைக்காவுக்குக் கூடுதல் இடம் கொடுத்தார் என்பதும் உண்மை. வயது ஏற ஏறப் பிறந்த மண் பக்கம் மனம் சாய்வது இயல்பு, அதற்காக அவரைக் குறைசொல்ல மாட்டேன். இதில் இன்னொரு சுழலும் இருக்கிறது. ஜமைக்காவின் முதல் பேச்சுக்காரர்களில் ஒருவரான கவுண்ட் மசூக்கி அந்தப் பாணியைக் கற்றது அமெரிக்கக் கறுப்பின வானொலி அறிவிப்பாளர்களின் பேச்சிலிருந்து. கடல் தாண்டி வந்ததாகச் சொல்லப்படும் சரக்கு முதலில் அமெரிக்காவிலிருந்து போனது.

இன்னும் பின்னால் போய், 1968-ல் ஹார்லெமில் தோன்றிய லாஸ்ட் போயட்ஸ், அதே ஆண்டு பிக்மீட் மார்க்கமின் நகைச்சுவைத் தட்டு, மேற்கு ஆப்பிரிக்காவின் கிரியோக்கள் என்று போகிறவர்களுக்கு நான் அதிக நேரம் ஒதுக்கப் போவதில்லை. முன்னோர் உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. முன்னோர் பட்டியல் பிறப்புச் சான்றிதழ் ஆகாது. பள்ளிகளில் இசை வகுப்பை நிறுத்தியதால் பிள்ளைகள் டர்ன்டேபிளைக் கருவியாக்கினார்கள் என்ற உருக்கமான கதைக்குக் காலக் கணக்கே இடம் தராது. நகரத்தைத் திவாலின் விளிம்புக்குத் தள்ளிய நிதி நெருக்கடி 1975-ல் வந்தது. 1977 ஜூலை மின்வெட்டு இரவில் கடைகள் சூறையாடப்பட்டுப் பலருக்குக் கருவி கிடைத்தது என்கிறார்கள். குழுக்களின் எண்ணிக்கை பெருகியதற்கு அது காரணமாக இருக்கலாம். தொடக்கத்துக்கு அது நாலு வருஷம் தாமதம்.

அண்மைக்காலத்தில் கசப்பேறிப் போன விவாதம் வேறு: இந்தக் கலையைத் தொடங்கியதில் போர்ட்டோ ரீக்கோக்காரர்களுக்குப் பங்கு உண்டா, இல்லையா? ஒரு தரப்பு சரிபாதி கேட்கிறது. மறுதரப்பு அவர்களை விருந்தாளிகள் என்கிறது. தரையை அளவுகோலாக எடுத்துக்கொண்டால் இந்தச் சண்டையில் பாதி தானாகவே அடங்கும். ஹெர்க்கின் ஆரம்ப விருந்துகளில் பேர் வாங்கிய ஆட்டக்காரர்கள், டிரிக்ஸி, சாசா, கிளார்க் கென்ட், கீத்-கெவின் இரட்டையர், எல்லாரும் கறுப்பினப் பிள்ளைகள். செரூஜ் அப்ரஹாமியான் 2023-ல் வெளியிட்ட ஆய்வு நூல் இதை விரிவாகவே நிறுவியிருக்கிறது; பெண்களும் அந்த வட்டத்துக்குள் இறங்கி ஆடினார்கள் என்பதையும் அது மீட்டுக் காட்டுகிறது. முதல் அடி அவர்களுடையது என்று சொல்வதில் தயக்கம் வேண்டாம். ஆனால் எழுபதுகளின் பிற்பாதியில் அவர்களில் பலர் ஆட்டத்தை விட்டு ஒலிவாங்கிப் பக்கம் நகர்ந்தபோது, அந்த ஆட்டத்தை எடுத்து, உடம்பைச் சுழற்றி, தரையோடு தரையாக இறக்கி, உயிரோடு வைத்தவர்கள் பெருமளவு போர்ட்டோ ரீக்கோப் பிள்ளைகள். 1977-ல் தொடங்கிய ராக் ஸ்டெடி குழு அவர்களுடையது. மேசைப் பக்கத்தில் டிஸ்கோ விஸ், சார்லி சேஸ் போன்றவர்கள் ஏச்சுப் பேச்சைத் தாங்கி இடம் பிடித்தார்கள். விதைத்தவருக்கும் பஞ்சத்தில் விதைநெல்லைக் காப்பாற்றியவருக்கும் தனித்தனி மரியாதை உண்டு. ஒருவருடையதைப் பிடுங்கி மற்றவருக்குக் கொடுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

இவ்வளவு சான்று இருந்தும் ஆட்டக்காரர் ஏன் மறைந்துபோனார்? ஆட்டத்தைத் தட்டில் பதிக்க முடியாது, விற்க முடியாது என்பதுதான் காரணம். 1979-ல் சில்வியா ராபின்சன் நியூ ஜெர்சியில் மூன்று பேரைச் சேர்த்து ‘ராப்பர்ஸ் டிலைட்’ வெளியிட்டார். அதில் டிஜே இல்லை. ஷீக் குழுவின் மெட்டைக் கூலிக்கு வந்த இசைக்கலைஞர்கள் மறுபடி வாசித்தார்கள். வட்டமும் இல்லை, எதிராளியும் இல்லை. பாடிய பிக் பேங்க் ஹாங்க், கிராண்ட்மாஸ்டர் கேஸின் நோட்டிலிருந்த வரிகளை எடுத்தாண்டார். கேஸின் பட்டப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும் இடத்தைக்கூட மாற்றவில்லை. அந்தத் தட்டு உலகம் சுற்றியதும், ஹிப்ஹாப் என்றால் பேசும் குரல் என்றாகிவிட்டது. வரலாறும் தட்டுகளின் வரிசையாக எழுதப்பட்டது. தட்டே வெளியிடாத ஹெர்க் பல ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தார். அவரைத் தேடிப் பிடித்து முன்னால் நிறுத்திய ஆய்வாளர்கள் செய்தது நல்ல காரியம். 2023-ல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது, தாமதமானாலும் நியாயம். பாடகரிடமிருந்து டிஜே வரைக்கும் வரலாற்றைப் பின்னோக்கி நகர்த்தியவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். இன்னும் ஓரடி வைத்திருந்தால் தரைக்கு வந்திருப்பார்கள். ஆட்டத்தைத் தனியே பிரித்துப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு ஊறிவிட்டது என்றால், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அது ஒரு விளையாட்டாகவே இடம்பெற்றது. அங்கே டிஜே எந்தப் பாட்டைப் போடுவார் என்பது ஆடுபவருக்கு முன்கூட்டித் தெரியாது. போட்டதற்கு ஆட வேண்டும். 1973-ல் பிராங்க்ஸில் இருந்த உறவு அப்படியே தலைகீழாகியிருக்கிறது.

ஒரு முகவரியும் தேதியும் இருப்பதால் நன்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 1520 செட்ஜ்விக் குறைந்த வாடகைத் திட்டத்திலிருந்து பிடுங்கப்பட்டு விற்கப்பட இருந்தபோது, அங்கே குடியிருந்தவர்கள் ‘இது ஹிப்ஹாப் பிறந்த வீடு’ என்று சொல்லித்தான் ஊரைக் கூட்டினார்கள். ஹெர்க்கும் அவர்களோடு நின்றார். அந்தக் கதை நூறு குடும்பங்களுக்குக் கூரையாக உதவியிருக்கிறது. அந்த அளவில் அதற்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் ஒரு வீட்டைக் காப்பாற்றிய கதை இன்னோர் இடத்தை மறைத்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 11 அன்று ஐம்பதாம் ஆண்டுப் பெருவிழா யாங்கி ஸ்டேடியத்தில் நடந்தது. அங்கிருந்து 161-ஆம் தெருவில் சில நிமிடம் கிழக்கே நடந்தால் பழைய கான்கோர்ஸ் பிளாசா ஹோட்டல் கட்டடம். பிளாசா டனல் இருந்தது அதன் அடித்தளத்தில்தான். ஹோட்டல் மூடப்பட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன. கட்டடம் முதியோர் குடியிருப்பாக மாற்றப்பட்டது. 1971-ல் அந்த அடித்தளத்தில் ஜேம்ஸ் பிரவுனின் பிரேக்குக்காகக் காத்து நின்ற பிள்ளைகளுக்கு இன்று எழுபது வயதாகிறது.